“ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?” – பழைய கணினியும் மென்பொருளும் வைத்திருப்பதன் செலவை எப்படிக் கணக்கிடுவது?

#1 – ஏடுகாப்பான்

பத்து வருடப் பழைய சர்வர், அதைவிடப் பழைய பில்லிங் மென்பொருள், இருபது கணினிகள். எல்லாம் ஓடுகின்றன. இப்படிப்பட்ட நிறுவனத்தில் “மாற்றலாம்” என்று யார் சொன்னாலும் முதலில் வருவது தலைப்பில் உள்ள கேள்விதான். புதிதாக வாங்குவதற்கு விலைப்பட்டியல் கையில் இருக்கிறது. பழையதை வைத்திருப்பதற்கு அப்படியொரு பட்டியலை யாரும் தருவதில்லை. அது சம்பளத்திலும் தாமதத்திலும் பழுதுச் செலவிலும் கரைந்து கிடக்கிறது.

அந்தப் பட்டியலை இங்கே சேர்ந்து எழுதலாமா? “பழையது ஆபத்து” என்று பொதுவாகச் சொன்னால் முதலாளி யாரும் கேட்கமாட்டார். எங்கே போகிறது, எவ்வளவு போகிறது, எப்படி அளப்பது என்று எழுதுங்கள். மாற்றத் தேவையில்லாதது எது என்பதும் வேண்டும்.

#2 – நிமிடக்கணக்கு

நேரத்தில் தொடங்குகிறேன். பெரிய தொகை அங்கேதான், அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஓர் இருக்கையில் நாளுக்கு 12 நிமிடம் காத்திருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கணினி எழுந்து நிற்க 5, கோப்பு திறக்கவும் சேமிக்கவும் அச்செடுக்கவும் சிதறிப்போவது 7. 20 இருக்கை, 250 வேலைநாள் என்றால் வருடத்துக்கு 60,000 நிமிடம், அதாவது 1,000 மணி நேரம். முழுநேர ஊழியர் ஒருவர் வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 மணி நேரம் வேலை செய்கிறார். அரை ஆளின் சம்பளம் காத்திருப்பிலேயே போகிறது.

இதில் கழிவு உண்டு. கணினி எழும் நேரத்தில் ஒருவர் வேறு தாளைப் பார்ப்பார், அதைப் பாதியாக எடுங்கள். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது போகும் நிமிடத்தை மட்டும் முழுதாக எடுங்கள், ஏனென்றால் அங்கே இரண்டு பேரின் நேரம் போகிறது.

ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டயக்னோஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்ற பதிவேட்டில் 100 என்ற எண்ணுள்ள நிகழ்வு, ஒவ்வொரு முறை கணினி எழும்பவும் ஆன நேரத்தை மில்லிசெகண்டில் வைத்திருக்கிறது. மூன்று கணினிகளில் ஒரு வாரத்துக்கு எடுத்தால் போதும். அடுத்து டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, ராம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கு எட்டு இடங்களில் பிராசசர் சும்மா இருக்கும், டிஸ்க்தான் திணறிக்கொண்டிருக்கும். காரணம் எளிது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்கில் தட்டு அரைச்சுற்று வரவே 4 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது, படிக்கும் முனை நகர இன்னும் 8 அல்லது 9. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது நொடிக்கு நூறுக்குள்தான் தொட முடியும். சுழலும் தட்டே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் தொடும். ஆகவே இருபது கணினியையும் மாற்றுவதற்கு முன் ஒன்றில் எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கி, அதே 100-ஆம் நிகழ்வை மறுபடி பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: மறுதட்டச்சு. பில்லிங் மென்பொருள் பழையது, கணக்கு மென்பொருளோடு பேசாது. அதனால் ஒன்றில் அச்செடுத்து மற்றொன்றில் ஒருவர் தட்டுகிறார். பில்லுக்கு 40 நொடி, நாளுக்கு 150 பில் என்றால் 100 நிமிடம், வருடத்துக்கு 416 மணி நேரம். விசைப்பலகைக்குப் பக்கத்தில் அச்சுத்தாள் கட்டு இருக்கும் மேசைகளை எண்ணினாலே இந்தச் செலவு எங்கே இருக்கிறது என்று தெரியும். தவறாகத் தட்டிய எண்ணை மாதக்கடைசியில் தேடும் நேரம் இதில் சேரவில்லை.

#3 – சர்வர்_அறை

வன்பொருள் பக்கம் நான் எழுதுகிறேன்.

மின்சாரம்: சராசரி 200 வாட் இழுக்கும் பழைய சர்வர், வருடத்தின் 8,760 மணி நேரமும் ஓடினால் 1,752 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்றும் ஏசி அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எடுக்கும் என்று வைத்தால் 2,300-க்குக் கொஞ்சம் மேல். இதை முதல் வாதமாக வைக்காதீர்கள். சிறு அலுவலகத்தில் இது சின்னத் தொகை, எதிர்த்தரப்பு உடனே வகுத்துக் காட்டிவிடும்.

கவலைப்பட வேண்டியது ரெய்ட் கன்ட்ரோலர், அதாவது சர்வரின் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அட்டை. மூன்று விஷயம்.

அதன் கேஷ் நினைவகத்துக்கு ஒரு பேட்டரி உண்டு. சில வருடங்களில் அது செத்துவிடும். செத்ததும் கன்ட்ரோலர் தன் பாதுகாப்புக்காக ரைட்-பேக் (கேஷில் விழுந்ததுமே பதில் சொல்லும்) முறையை விட்டு ரைட்-த்ரூவுக்கு மாறிக்கொள்கிறது. அதாவது, தரவு டிஸ்கில் விழுந்த பிறகுதான் “எழுதியாயிற்று” என்று பதில் சொல்லும். பில் சேமிப்பது திடீரென்று பல மடங்கு மந்தமாகும். எல்லோரும் மென்பொருளைத் திட்டுவார்கள், மென்பொருள்காரருக்குப் பணம் கொடுத்து “சரி” செய்யச் சொல்வார்கள். மாற்ற வேண்டியது ஒரு பேட்டரி.

இரண்டாவது, டிஸ்க்குகள் எப்படிப் பிரித்து எழுதப்பட்டுள்ளன என்ற குறிப்பு அந்தந்தத் தயாரிப்பாளரின் சொந்த வடிவில் இருக்கும். கன்ட்ரோலர் எரிந்துபோனால் நான்கு டிஸ்கும் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. அதே குடும்பத்து அட்டை வேண்டும், அதன் விற்பனை நின்று பல வருடம் ஆகியிருக்கும். பழைய சர்வரை வைத்திருப்பது என்று முடிவெடுத்தால் அதே மாடல் கன்ட்ரோலர் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். அதோடு ஒரு பவர் சப்ளை, இரண்டு டிஸ்க்.

மூன்றாவது ரெய்ட் 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும் அமைப்பு. ஒரே நாளில் வாங்கிய, ஒரே தொகுப்பில் வந்த நான்கு டிஸ்க் ஏறக்குறைய ஒரே வயதில் தளரும். ஒன்று போனதும் புதியதைச் செருகினால், மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துத்தான் மறுகட்டுமானம் நடக்கும். வருடக்கணக்கில் தொடாத பகுதிகளும் அப்போதுதான் படிக்கப்படும். சாதாரண டிஸ்குக்குத் தயாரிப்பாளர் தரும் வரையறை 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிக்கமுடியாத பிழை, ஏறக்குறைய 12.5 டெராபைட். நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனாலும் வயதான டிஸ்கை மறுகட்டுமானத்தில் நம்பி இருப்பது தவறு. புதிய டிஸ்கைச் செருகும் முன் முழு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

சின்னது ஒன்று: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி. அது தீர்ந்தால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று உலாவி சொல்லும், நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் அலுவலக வலையமைப்பின் பொது உள்நுழைவு (டொமைன்) மறுக்கப்படலாம். மோசமானது இது: தனிக் கணினியில் அன்றைய பில்களெல்லாம் தவறான வருடத்தில் பதிவாகும், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

டேப் பேக்கப் வைத்திருப்பவர்களுக்கு: எல்டிஓ என்ற டேப் வகையில் ஏழாம் தலைமுறை (எல்டிஓ-7) வரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பைப் படிக்கும். எல்டிஓ-8 ஒரு தலைமுறைதான் பின்னால் போகும். எல்டிஓ-4 டேப்புகள் அலமாரி நிறைய இருந்து, டிரைவ் ஒன்றே ஒன்று, அதுவும் பழையது என்றால் உங்களிடம் பேக்கப் இருப்பதாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

#4 – பூட்டும்_சாவியும்

பாதுகாப்பு. ஆதரவு முடிந்த தேதிகளை முதலில் வைக்கிறேன்: விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, சர்வர் 2012-க்கு 2023 அக்டோபர் 10, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. எஸ்க்யூஎல் சர்வர் 2014 என்ற தரவுத்தள மென்பொருளுக்கு 2024 ஜூலை 9. இந்த நாளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்குப் பொதுப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கிடையாது. விண்டோஸ் 10-க்கு நிறுவனங்கள் பணம் கட்டி அதிகபட்சம் மூன்று வருடம் நீட்டலாம். ஆனால் கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும்: முதல் வருடம் 1 என்றால் அடுத்து 2, பிறகு 4. மூன்றும் சேர்த்து 7 பங்கு. அந்தத் தொகையைப் புதுக் கணினி விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசர் முதல்தான். பழைய இயந்திரத்தில் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகும் வழி அதோடு அடைபட்டது.

இனி, அதிகம் கவனிக்கப்படாதது. பழைய கருவி தனக்கு மட்டும் ஆபத்தாக இருப்பதில்லை, மற்றவற்றின் பூட்டையும் திறந்துவைக்கச் செய்கிறது. பழைய நகல் இயந்திரம் ஒன்று, ஸ்கேன் செய்த தாளைச் சர்வர் கோப்புறையில் போட எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பை மட்டும் பேசும். அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சர்வரில் அந்தப் பதிப்பை இயக்கி வைப்பார்கள். 2017 மே 12-இல் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை நுழைந்தது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்கு அதனால் ஆன இழப்பை அந்நாட்டுச் சுகாதாரத் துறை சுமார் 9.2 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி தாக்குதல் நடந்த நாட்களின் இழப்பல்ல, அதற்குப் பின் எல்லாவற்றையும் சீர்செய்த செலவு.

அந்தச் சம்பவத்தைச் சரியாகப் படிக்கவேண்டும். மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை 2017 மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டது விண்டோஸ் 7, அன்றைக்கு ஆதரவில் இருந்த பதிப்பு. பேட்ச் வந்தும் போடாமல் இருந்தார்கள். “போட்டால் பழைய மென்பொருள் நின்றுவிடுமோ” என்ற பயம் பேட்சை ஒத்திப்போட வைக்கிறது. பழைய மென்பொருளின் உண்மையான பாதுகாப்புச் செலவாக நான் எழுதுவது இதைத்தான்.

நகல் இயந்திரத்துக்கு வழி: ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ எஃப்டிபிக்கோ அனுப்பும் வசதி பெரும்பாலானவற்றில் இருக்கும், அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நடுவே ஒரு சிறு லினக்ஸ் பெட்டி. நகல் இயந்திரம் அதோடு மட்டும் பழைய பதிப்பில் பேசட்டும், சர்வர் அதிலிருந்து புதிய பதிப்பில் எடுத்துக்கொள்ளட்டும்.

#5 – பட்டறை_மேடை

மேலே எழுதியவர்கள் எல்லோரும் அலுவலகத்தை நினைத்து எழுதுகிறீர்கள். பட்டறையில் கணக்கு வேறு. கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம் (சிஎன்சி) ஒன்று இருபது, முப்பது வருடம் உழைக்கும். அதை ஓட்டும் கணினி, விண்டோஸுக்கு முந்தைய டாஸில் இருக்கிறது. கணினி பழையது என்பதற்காக, துல்லியம் குறையாத இயந்திரத்தைத் தூக்கிப்போடச் சொல்வது நியாயமில்லை. அது இணையத்தில் இல்லை, பேட்ச் தேவையில்லை, எழும்ப 20 நொடி. #2-இன் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

செய்ய வேண்டியது அதை உயிரோடு வைத்திருப்பது. அதன் பழைய ஐடிஇ டிஸ்கை முழு இமேஜாக (அப்படியே நகலாக) எடுத்து, காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையில் இறக்கி, அடாப்டர் வழியாக மாட்டுங்கள். இரண்டு அட்டை தயார் செய்து ஒன்றை அலமாரியில் வையுங்கள். ஃபிளாப்பி டிரைவுக்குப் பதில் யுஎஸ்பி எமுலேட்டர் (ஃபிளாப்பியைப் போல நடிக்கும் பெட்டி) கிடைக்கிறது. 34 முனை நாடா அதே, மின்சார இணைப்பும் அதே. டிரைவ் தேர்வு ஜம்பரை மட்டும் பழைய டிரைவைப் போல வையுங்கள். நிரலை அனுப்ப ஆர்எஸ்-232 கம்பியை ஈத்தர்நெட்டாக மாற்றும் சிறு பெட்டி. வேகமும் பாரிட்டியும் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) இரு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். பல கன்ட்ரோலர்கள் 7 பிட், இரட்டைப்படைப் பாரிட்டி கேட்கும். 8 பிட்டில் அனுப்பினால் நிரல் குப்பையாக வரும், உடனே கம்பி கெட்டுவிட்டதாக நினைப்பார்கள்.

மிக முக்கியம்: கன்ட்ரோலரின் அளவுருக்கள் பேட்டரியில் உயிர்வாழும் நினைவகத்தில் இருப்பதுதான் வழக்கம். பேட்டரியை மாற்றும்போது இயந்திரத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் அளவுருக்கள் போய், இயந்திரம் எங்கே தன் பூஜ்ஜியம் என்றே தெரியாமல் நிற்கும். மாற்றும் முன் அளவுருக்களை ஆர்எஸ்-232 வழியாக வெளியே எடுத்து, அச்சிட்ட நகல் ஒன்றையும் மின்பெட்டிக் கதவுக்கு உள்ளே வைத்துவிடுங்கள்.

#6 – ஏடுகாப்பான்

@பட்டறை_மேடை, இது எனக்கு வேண்டிய எதிர்வாதம். அப்படியானால் வயதை வைத்து முடிவெடுக்க முடியாது. டாஸில் ஓடும் இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம், அதைவிடப் புதிய பில்லிங் சர்வரை மாற்றவேண்டும் என்றால், கோடு எங்கே விழுகிறது?

#7 – அட்டவணை_ஆள்

என் பார்வையில் கோடு இது: நாளை அது நின்றால், அதே வேலையை வேறோர் இயந்திரத்தில் எத்தனை நாளில் எழுப்ப முடியும்? பட்டறைக்காரருக்கு அலமாரியில் இரண்டாவது அட்டை இருக்கிறது, அரைமணி நேரம். பில்லிங் சர்வருக்குப் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. வயது ஒரு குறிதான். வெளியேற வழி இல்லாமை செலவு.

அந்த வழியை முதலில் அடைப்பது தரவு. பழைய வடிவங்களுக்கு அமைதியான எல்லைகள் உண்டு. டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ காலத்து டிபிஎஃப் கோப்பும் ஆக்சஸின் எம்டிபி கோப்பும் 2 ஜிபியில் நின்றுவிடும். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், 2008 ஆர்2 முதல் 2022 வரை, ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி. எக்ஸலின் பழைய எக்ஸ்எல்எஸ் தாளுக்கு 65,536 வரிசை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளர் பதிவுகள் அன்றாட எண்ணிக்கையில் விடுபட்டதற்குக் காரணம், ஆய்வகத் தரவைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் ஏற்றியதுதான். எல்லைக்கு மேல் வந்த வரிசைகள் வெறுமனே விழுந்துவிட்டன. இன்று உங்கள் கோப்பின் அளவு என்ன, மாதத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று பாருங்கள். 1.6 ஜிபி, மாதம் 20 எம்பி என்றால் இன்னும் ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் கூடுதல் இருக்கிறது. அந்தத் தேதியை நாட்காட்டியில் எழுதுங்கள். 2038 ஜனவரி 19-ஐயும் சேர்த்து எழுதலாம். நேரத்தை 32 பிட்டில் நொடியாக எண்ணும் நிரல்கள் அன்று சுழன்று 1901-க்குப் போகும். அந்த நாளையும் தாண்டும் நீண்ட தவணைக்கான கடைசி நாளைக் கணக்கிடும் நிரலுக்கு அந்தத் தொல்லை இப்போதே வரும்.

டிபிஎஃப்பிலிருந்து தரவை எடுப்பவர்கள் அடிக்கடி விழும் குழிகள்:

நீக்கிய பதிவு உண்மையில் நீங்குவதில்லை. பதிவின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக்குறி விழும், ‘பேக்’ கட்டளை கொடுக்கும்வரை உள்ளேயே கிடக்கும். பல ஏற்றுமதிக் கருவிகள் அந்தக் குறியைப் பார்ப்பதில்லை. ரத்தான பில்களெல்லாம் புதிய மென்பொருளில் உயிர்பெற்று, நிலுவையாக நிற்கும்.

நீண்ட குறிப்புகள் டிபிஎஃப்பில் இருக்காது, பக்கத்தில் உள்ள டிபிடி அல்லது எஃப்பிடி கோப்பில் இருக்கும். டிபிஎஃப்பை மட்டும் நகலெடுத்தால் முகவரியும் குறிப்பும் வெறுமையாக வரும்.

சிஎஸ்வியாக எடுத்து எக்ஸலில் திறந்து சேமித்தால் 00417 என்ற குறியீடு 417 ஆகிவிடும், 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். திறக்கவே வேண்டாம், நேராக இறக்குமதி செய்யுங்கள்.

சரிபார்க்க, ஒவ்வொரு அட்டவணைக்கும் மாதவாரியாக நான்கு எண்: வரிசை எண்ணிக்கை, தொகைகளின் கூட்டல், மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி. பழையதிலும் புதியதிலும் நான்கும் ஒத்துப்போகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

#8 – எழுத்துரு_வேலை

@அட்டவணை_ஆள் பட்டியலில் ஒன்று சேர்க்கிறேன். தமிழில் பெயரும் முகவரியும் வைத்திருக்கும் பழைய தரவுத்தளங்கள் பலவும் ஒருங்குறியில் (யூனிகோடு) இல்லை, பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு தமிழாகக் காட்டுகிறது. இதன் விலை தேடலில் தெரியும். பாமினியில் ‘க’ என்பது சிறிய எஃப், ‘கு’ என்பது பெரிய எஃப். பெரும்பாலான தரவுத்தளங்கள் சிறிய, பெரிய எழுத்துகளை ஒன்றாகவே பார்க்கும் அமைப்பில் வருகின்றன. ஆகவே ‘கடை’ என்று தேடினால் ‘குடை’யும் வரும். ‘கடை’ ஏற்கெனவே இருந்தால், ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத புலத்தில் ‘குடை’யைப் பதியவே விடாது. அகரவரிசையும் கிடைக்காது, விசைப்பலகை எழுத்தின் வரிசைதான் வரும்.

மாற்றும்போது கவனிக்கவேண்டியது வரிசை. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும், ஒருங்குறியில் எழுத்துக்குப் பின்னால். அதனால் ஒவ்வோர் எழுத்தாக மாற்றினால் உடையும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற நீண்ட தொடர்களை முதலில் மாற்றி, பிறகு ‘கெ’, ‘கே’, ‘கை’, கடைசியில் தனியெழுத்து. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வையுங்கள். கொம்பு, கால் என்று இரண்டாகப் போட்டால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. மாற்றிய பின் முழுத் தரவையும் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் ஒருங்குறி முறை) இயல்பாக்கிவிட்டால் இது சரியாகும். இன்னொன்று: ஒரே புலத்தில் சில பெயர் தமிழ், சில பெயர் உண்மையான ஆங்கிலம் என்று கலந்திருந்தால் எந்தக் கருவியும் பிரித்தறியாது. ஆள் உட்கார்ந்துதான் பிரிக்கவேண்டும். ஆயிரம் பதிவுக்கு எத்தனை மணி நேரம் என்று நூறு பதிவில் சோதித்து முன்பே கணக்கில் சேருங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் இந்தக் குவியல் வளர்கிறது.

#9 – மூலநிரல்

ஆள் செலவு பற்றி யாரும் எழுதவில்லை.

அந்த மென்பொருளைத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவருடைய விடுப்பும் ஓய்வும் நிறுவனத்தின் ஆபத்து. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழப்பு உதவி விண்ணப்பங்கள் குவிந்தபோது, நாற்பது வருடம் தாண்டிய மெயின்ஃபிரேம் அமைப்பைக் கையாள கோபோல் என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று மாநில ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டார். சாதாரண நாளில் தெரியாத செலவு, நெரிசல் வரும் நாளில் மொத்தமாக வந்து நிற்கும்.

செத்த நிரலை உள்ளேயே விட்டுவைப்பதும் செலவுதான். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நைட் கேபிட்டல் என்ற பங்குவணிக நிறுவனம் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியது. எட்டாவதில், 2003-லேயே பயன்பாட்டிலிருந்து விலக்கிய பழைய பகுதி கிடந்தது. புதிய வேலைக்காக அந்தப் பழைய பகுதியை இயக்கும் அடையாளக் குறியையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் பழையது விழித்துக்கொண்டது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போனது.

சிறு நிறுவனத்தில் இப்போதே சோதிக்க வேண்டியவை: மூலநிரல் கையில் இருக்கிறதா? இருந்தால், அதைப் புதிய கணினியில் தொகுத்து, ஓடிக்கொண்டிருக்கும் அதே நிரல் கிடைக்கிறதா? பல இடங்களில் மூலநிரல் இருக்கும், ஆனால் கடைசித் திருத்தம் இல்லாத பிரதியாக இருக்கும். நிறுவல் வட்டு, லைசென்ஸ் எண், தரவுத்தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல் மூன்றும் ஒரே உறையில் இருக்கின்றனவா? டாங்கிள் (மென்பொருள் ஓடச் செருகவேண்டிய உரிமச் சாவி) பேரலல் போர்ட்டில் செருகுவது என்றால், அது உடைந்தால் மாற்றித் தர நிறுவனம் இன்னும் இருக்கிறதா? 16 பிட் நிறுவி என்றால் 64 பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது, மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும்கூட.

பழைய சர்வரை அப்படியே மெய்நிகர் இயந்திரமாக (வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) மாற்றி வைத்தால் பாதித் தொல்லை தீரும். டிஸ்க்2விஹெச்டி கருவி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே இமேஜாக எடுக்கும். எடுக்கும் நேரத்தில் தரவுத்தளச் சேவையை நிறுத்திவிடுங்கள். யுஎஸ்பி டாங்கிள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, யுஎஸ்பியை உள்ளே நேரடியாகத் தராது. வலையமைப்பு வழியாக யுஎஸ்பியைக் கொண்டுசெல்லும் கருவி வேண்டும், அல்லது விஎம்வேர் போன்ற வேறு மேடை.

#10 – பட்டறை_மேடை

மெய்நிகர் இயந்திரமாக்குவது நல்ல வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றுவதன் செலவையும் அதே தராசில் வையுங்கள். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி புதிய அமைப்புக்கு ஒரேயடியாக மாறியதில் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். அந்த வருடக் கடைசிவரை முழுதாகச் சீராகவில்லை, 2022-இல் 4.865 கோடி பவுண்டு அபராதம் வந்தது. அவசரமாக மாற்றுவதும் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதும் ஒரே அளவு கேடு.

#11 – அட்டவணை_ஆள்

@பட்டறை_மேடை உண்மைதான், அதனால்தான் பழையது நன்றாக ஓடும்போதே மாற்றவேண்டும் என்கிறேன். சர்வர் எரிந்த மறுநாள் மாற்றுபவருக்கு இணையோட்டம் (பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி ஒப்பிடுவது) பார்க்க நேரமே கிடைக்காது.

இணையோட்டம் ஒரு முழுச் சுற்று: குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடிப்பு, முடிந்தால் வரித்தாக்கல் ஒன்று. வேலை இரட்டிப்பாகும், அந்தக் கூடுதல் நேரத்தைத் திட்டச் செலவிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இரண்டாவது வாரத்திலேயே ஊழியர்கள் ஏதோ ஒன்றில் மட்டும் பதிவார்கள், அதோடு ஒப்பீடு செத்தது. மாறும் நாளை மாதம் முடிந்த மறுநாளாக வையுங்கள். திரும்பிப் போவதற்கான கடைசி நேரத்தை முன்பே எழுதிவையுங்கள், உதாரணமாக இரண்டாம் நாள் மாலை 4 மணிக்குள் நான்கு எண்ணும் ஒத்துவராவிட்டால் பழையதற்கே போவது என்று. பழையதை உடனே அணைக்காதீர்கள், படிக்க மட்டும் அனுமதி கொடுத்து வையுங்கள். எழுத அனுமதி இருந்தால் யாராவது ஒருவர் நிச்சயம் அதில் ஒரு பில் போடுவார்.

#12 – நிமிடக்கணக்கு

முதலாளி மேசையில் வைக்க ஒரே தாள் போதும். இடது பக்கம் பழையதின் ஒரு வருடச் செலவு: அளந்த காத்திருப்பு மணி (கழிவு போக), மறுதட்டச்சு மணி, இரண்டையும் சம்பளத்தால் பெருக்கிய தொகை, போன 12 மாதப் பழுதுச் சீட்டுகளின் கூட்டல், நீட்டிப்பு ஆதரவுக் கட்டணம், மின்சாரம். அதன் கீழே தனியாக: நின்றால் எழுப்ப எத்தனை நாள், அந்த நாட்களில் நிற்கும் விற்பனை எவ்வளவு. ஆபத்தைச் சதவீதத்தால் பெருக்காதீர்கள், அந்தச் சதவீதம் யாருக்கும் தெரியாது. நாட்களை நாட்களாகவே காட்டுங்கள்.

வலது பக்கம் புதியதின் விலை, தரவு மாற்றும் மணி, இணையோட்ட மணி, பயிற்சி. முதல் இரண்டு மாதம் எல்லோரும் மெதுவாகத்தான் வேலை செய்வார்கள், அதையும் எழுதிவிடுங்கள். மறைத்தால் இரண்டாம் மாதத்தில் முழுத் தாளும் நம்பிக்கை இழக்கும்.

எழுப்ப எத்தனை நாள் என்பதற்கு ஊகம் வேண்டாம். ஒரு சனிக்கிழமை, சர்வரைத் தொடாமல், கடைசி பேக்கப்பை மட்டும் எடுத்து வேறு கணினியில் ஏற்றி ஒரு பில் அச்சிட்டுப் பாருங்கள்.

#13 – ஏடுகாப்பான்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: மாற்றிய பிறகு பழைய டிஸ்க்குகளை என்ன செய்வது? அப்படியே பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டுவிடும் வழக்கம் இருக்கிறதே.

#14 – பூட்டும்_சாவியும்

போடவே கூடாது. சட்டப்படி கணக்கு வைத்திருக்க வேண்டிய காலம்வரை ஒரு முழு இமேஜ், இரண்டு இடத்தில், திறந்து சோதித்த நாள் எழுதி. அதற்குப் பிறகு சுற்றும் டிஸ்கை ஒருமுறை முழுதாக மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டிக்கு மேலெழுதுவது போதாது, தேய்மானத்தைச் சமமாகப் பரப்புவதற்காக ஒதுக்கிய பகுதிகளில் பழைய தரவு தங்கிவிடும். அதன் செக்யூர் எரேஸ் கட்டளையைக் கொடுங்கள். எழும்பாத டிஸ்கை மேலெழுத முடியாது, தட்டைத் துளையிட்டு உடைக்கவேண்டும். நகல் இயந்திரத்தை வெளியே அனுப்பும் முன் அதற்குள்ளும் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள், பெரிய மாடல்களில் இருக்கும். ஸ்கேன் செய்த தாளெல்லாம் அதில் கிடக்கலாம்.